புல்லிலும் பிஞ்சு, முற்றல் உண்டா?

கேள்வி: இங்கிலாந்தில் மே மாதமே மேய்ச்சல் புல்லை அறுத்து சைலேஜ் (ஊறுகாய்ப் புல்) போட்டுவிடுகிறார்களாமே! இன்னும் சில வாரம் விட்டால் கூடுதலாகக் கிடைக்காதா? இந்தக் கணக்கு எப்போது, எப்படி வந்தது?

பதில்: கூடுதலாகக் கிடைக்கும், மாட்டுக்குத்தான் கிடைக்காது. சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரைகிராஸ், காக்ஸ்ஃபுட், டிமொத்தி போன்ற குளிர்நாட்டுப் புற்கள் ஏப்ரலில் பெரும்பாலும் இலையாகவே இருக்கும். மே மாத வாக்கில் தண்டு நிமிர்ந்து கதிர் எட்டிப்பார்க்கும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பழியை நார்மீது போடுவது வழக்கம். அது பாதிதான் சரி. நாரைத் தின்று பிழைப்பதற்காகவே மாட்டுக்குப் பெருவயிறும், அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்களும் இருக்கின்றன. செல்லுலோஸை அவை நன்றாகவே கரைக்கும். ஆனால் கதிரைத் தாங்க வேண்டிய தண்டு விறைப்பாக நிற்பதற்காகத் தன் செல்சுவர்களில் லிக்னினைப் படியவைத்துக்கொள்கிறது. மரத்தை மரமாக்கும் அதே பொருள்தான். காற்றில்லாத பெருவயிற்றில் இது கரைவதில்லை என்றே சொல்லலாம். தான் கரையாததோடு, தன்னோடு பிணைந்திருக்கும் நல்ல நாரையும் நுண்ணுயிர்களுக்கு எட்டவிடாமல் செய்துவிடுகிறது. செரிக்காத புல் வயிற்றைவிட்டு நகரவும் தாமதமாகும். அதனால் மாடு தின்னும் அளவும் குறையும். இரட்டை நஷ்டம்.

இதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் சுவாரசியம். பழைய வழி, ஆடுகளுக்குப் பல நாள் புல் போட்டு, அவற்றின் பின்புறம் பை கட்டி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் நிறுத்துக் கழித்துப் பார்ப்பது. மூட்டை மூட்டையாகப் புல் வேண்டும். பெர்க்ஷயரில் ஹர்லி என்ற ஊரில் இருந்த புல்வெளி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டில்லி, டெர்ரி இருவரும் 1963இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். உலர்த்தி அரைத்த அரை கிராம் புல், ஆட்டின் பெருவயிற்றிலிருந்து எடுத்த நீர், எச்சிலுக்குப் பதிலாக ஓர் உப்புக் கரைசல்; எல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயில், 38 டிகிரி சூட்டில், 48 மணி நேரம். செயற்கை வயிற்றை அதற்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. பிறகு அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமான நொதியைச் சேர்த்து இன்னொரு 48 மணி நேரம் வைத்ததுதான் இவர்களுடைய சாமர்த்தியம். முதல் வயிற்றோடு செரிமானம் முடிந்துவிடுவதில்லையே!

அரை கிராம் போதும் என்றானதும் இலையையும் தண்டையும் பிரித்தே சோதிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு அவர்களே சோதித்தார்கள். இளம் புல்லில் தண்டு இலைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. பின்னாளில் இலை மெதுவாக இறங்க, தண்டு மளமளவென்று சரிந்தது. ஆக, முற்றுவதில் பெரும்பங்கு தண்டுக்குத்தான்.

காய்ந்த புல் 100 கிலோவில் செரிக்கக்கூடிய கரிமப்பொருள் எத்தனை கிலோ என்பதை அங்கே டி-மதிப்பு என்கிறார்கள். வசந்தத்தின் இளம் ரைகிராஸில் அது 75ஐத் தாண்டும். கதிர் வந்தபின் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைப் புள்ளி குறையும். ஒரு வாரம் மழை பெய்து அறுவடை தள்ளிப்போனால் மூன்றரைப் புள்ளி போயிற்று. விவசாயி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில் வியப்பென்ன?

புல்லின் வயதைக் காலண்டர் சொல்லாது. வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் உருவாக்கிய எஸ்.24 ரைகிராஸ் முந்திக் கதிர்விடும், எஸ்.23 பிந்தும். ஒரே நாளில் அறுத்தாலும் பிந்தியதே நன்றாகச் செரிக்கும். காக்ஸ்ஃபுட்டோ, அதே பருவத்திலும் ரைகிராஸைவிடச் சில புள்ளிகள் தாழ்ந்தே நிற்கும். வெயில் ஏறினாலும் லிக்னின் விரைவாகப் படியும்.

கேள்வி: நிறைய யூரியா போட்டால் புல் பிஞ்சாகவே இருக்குமா?

பதில்: பச்சையாக இருக்கும். புரதம் கூடும், விளைச்சலும் கூடும். செரிமானத்தில் பெரிய மாற்றம் வராது.