214 கோடியில் ஒரு பகா எண்

கேள்வி: கம்ப்யூட்டர் உலகில் 214,74,83,647 என்ற எண் அடிக்கடி தலைகாட்டுகிறதே, அதற்கு அப்படி என்ன சிறப்பு?

பதில்: 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். இது ஒரு பகா எண். இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவான பகா எண்களுக்கு, பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் இது எட்டாவது.

1772இல் இதைப் பகா எண் என்று நிறுவியவர் ஆய்லர். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அது 62இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இந்த எண்ணின் வர்க்கமூலமான சுமார் 46,340 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கும் வேலை அவருக்கு மிச்சம்!

இன்னொரு பெருமை: 30 இரண்டுகளின் பெருக்கலோடு இதைப் பெருக்கினால், 19 இலக்கத்தில் ஒரு நிறைவெண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருப்பதுதான் நிறைவெண். 6 அப்படிப்பட்டது: 1+2+3.

கம்ப்யூட்டரில் 32 பிட் இடத்தில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31இல் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்த எண்ணில் முட்டி நிற்கும்.