எந்தச் சாய்வில், எந்த நேரத்தில்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர். மார்கழி விடியலில் அங்கே புல்நுனிதோறும் பனி தொங்கும். காஷ்மீரில் வீட்டுக் கூரையின்மேல் குவியலாகக் கிடப்பதையும் நாம் பனி என்றே சொல்கிறோம். முன்னது நீர்த்துளி; பின்னது பனிக்கட்டிப் படிகங்களின் குவியல். குழப்பம் நேராமல் இருக்க, இக்கட்டுரையில் பின்னதை வெண்பனி என்றே அழைப்போம். கரியாலூரில் வெண்பனி பெய்வதில்லை. ஆனாலும் அது எப்போது இறுகும், எப்போது இளகும் என்பதில் பாதியை, புல்நுனிப் பனியைப் பார்த்து வளர்ந்த மாணவன் முன்பே அறிவான். எப்படி என்று பார்ப்போமா?

காஷ்மீரில் குல்மார்க் என்னும் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து அஃபர்வத் மலைக்கு 1998இல் ஒரு கட்டமும், 2005இல் மறு கட்டமுமாகக் கம்பிவட ஊர்தி அமைத்தார்கள். மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே. காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு, வெண்பனி மூடிய சாய்வில் சறுக்கி இறங்கும் விளையாட்டுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற இடம் அது. 2025ஆம் ஆண்டின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே பிப்ரவரி 22இல் தொடங்குவதாக இருந்தன. போதிய வெண்பனி விழவில்லை. போட்டிகள் தள்ளிப்போய் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. இந்த இரண்டு வாரத்துக்குள் நண்பகல் சூரியன் வானில் ஏறத்தாழ 6 பாகை உயர்ந்துவிடுகிறது. பருவத்தின் கடைசிப் பகுதியில் சறுக்குபவனுக்கு இது சிறிய செய்தி அன்று. காலை எட்டு மணிக்குக் கருங்கல்லாக இருக்கும் சாய்வு, பத்தரைக்கு வெண்ணெய்போல் இளகி, பிற்பகலில் முழங்கால் புதையும் சேறாகிவிடும். மலை ஒன்றுதான், ஆனால் எந்தச் சாய்வில் எந்த நேரத்தில் இறங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வெப்பக் கணக்கு. சுழிக்குக் கீழே 10 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியைச் சுழி டிகிரிக்குக் கொண்டுவர 5 கலோரி போதும். அங்கிருந்து அதை நீராக்க மேலும் 80 கலோரி வேண்டும். இதுவே நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம். ஆகையால் வெண்பனி சட்டென்று மறைந்துவிடுவதில்லை. சுழி டிகிரியிலேயே நின்று, மேற்பரப்பில் கொஞ்சம் கொஞ்சமாக உருகுகிறது. இரவில் அந்த நீர் அதே 80 கலோரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி உறைகிறது.

எந்த இரவில் நன்றாக உறையும்? கரியாலூர் மாணவனைக் கேளுங்கள். விண்மீன்கள் பளிச்சிடும் இரவுக்கு மறுநாள்தான் புல் நனைந்திருக்கும்; மேகம் மூடிய இரவில் பனி குறைவு என்பான். காரணம் இதுதான். இரவில் தரையும் புல்லும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வானுக்கு வெளிவிட்டுக் குளிர்கின்றன. மேகம் இருந்தால் அது ஒரு போர்வைபோல் அவ்வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. வெண்பனியும் அப்படியே. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் அது, அகச்சிவப்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய கரும்பொருள்! அதனால் தெளிந்த இரவில், காற்றின் வெப்பநிலை சுழிக்குச் சற்று மேலே இருந்தாலும் வெண்பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் கவிந்த இரவிலோ உறையாது. எனவே வெப்பமானியை மட்டும் நம்பாமல், நேற்றிரவு வானம் எப்படி இருந்தது என்று விசாரிப்பவனே கெட்டிக்காரன்.

பகலில் உருகி இரவில் உறைவதால் படிகங்களின் வடிவமும் மாறுகிறது. புதிதாக விழுந்த ஆறுகைப் படிகத்தின் நுனிகள் முதலில் உருகும். பல நாள் சென்றபின் எஞ்சுபவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டை மணிகள். ஆங்கிலேயர் இதற்குச் சோளத்தின் பெயரை வைத்தார்கள். கல்வராயன் மலைக்காரர் பெயர் வைத்திருந்தால் சாமை என்றிருப்பார்கள். அளவுக்கு அதுவே பொருத்தம். புதிய வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 80 முதல் 90 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நனைந்த பழைய மணிகள் அனுப்புவது 60க்கும் கீழே இறங்கலாம். அதாவது முன்பு 10, 20 பங்கை ஏற்றது இப்போது 40ஐ ஏற்கிறது. உருகத் தொடங்கியது மேலும் விரைந்து உருகுவது இதனால்தான்.

இப்போது சாய்வுக்கு வருவோம். ஒரு பரப்பின்மேல் விழும் வெயிலின் அளவு, கதிர் அப்பரப்போடு செய்யும் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. குல்மார்க் இருப்பது வட அகலாங்கு 34 பாகையில். டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் அங்கே சூரியனின் உயரம் 32.5 பாகைதான். 25 பாகை சாய்ந்த இரண்டு மலைப்பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு நோக்கிய சாய்வில் கதிர் 57.5 பாகையில் விழுகிறது. சைன் மதிப்பு 0.84. வடக்கு நோக்கிய சாய்வில் வெறும் 7.5 பாகை, சைன் மதிப்பு 0.13. ஆறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! வடசாய்வு ஒரு குளிர்பதனப் பெட்டி. மார்ச் 21இல் சூரியனின் உயரம் 56 பாகை ஆகிவிடுகிறது. தென்சாய்வுக்கு 81 பாகை, மதிப்பு 0.99. வடசாய்வுக்கு 31 பாகை, மதிப்பு 0.52. கவனித்தீர்களா? தென்சாய்வு பெறும் வெயில் சிறிதே கூடியது. வடசாய்வு பெறுவதோ நான்கு மடங்கு ஆகிவிட்டது. வடக்குப் பக்கம் எப்போதும் பத்திரம் என்று குளிர்காலத்தில் கற்ற பாடம் மார்ச்சில் பாதி பொய்யாகிறது.

இது நண்பகல் கணக்கு மட்டுமே. காலை வெயில் முதலில் படுவது கிழக்குச் சாய்வில். ஆகவே தெளிந்த இரவுக்குப் பிறகு, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளகி அடியில் கெட்டியாக இருக்கும் அந்த நல்ல நிலை முதலில் கிழக்கில் வரும், பிறகு தெற்கில், கடைசியாக மேற்கில். அனுபவசாலிகள் வெயிலைத் தொடர்ந்து சாய்வு மாறிக்கொண்டே போவார்கள். எல்லாம் இளகிவிட்டால் இன்னும் மேலே ஏறவேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் அல்லவா? கள்ளக்குறிச்சியில் வியர்த்துக் கொட்டும் நாளில் கரியாலூருக்கு வண்டி ஏறும் அதே உபாயம்தான்.

இங்கே ஒரு குறிப்பு. பலகை வழுக்குவதற்குக் காரணம், உடலின் எடையால் அழுத்தம் கூடிப் பனிக்கட்டி உருகுவதே என்று சில நூல்களில் இன்னும் காணலாம். கணக்கிட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 170 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள இரு பலகைகளில் நிற்கிறார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 26 கிராம்கூட இல்லை. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கே உருகுநிலை 0.0075 டிகிரிதான் குறையும். இவருடைய எடையால் குறைவது டிகிரியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு! உண்மையில் வழுக்கச் செய்வது உராய்வில் பிறக்கும் வெப்பமும், பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள இளகிய மெல்லிய படலமும் ஆகும். நீர் மிகுந்துவிட்டால் அதே நீர் பலகையைப் பிடித்து இழுக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நீர் விட்டால் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

சேற்றில் சறுக்குவது தொல்லை மட்டுமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. உருகிய நீர் கீழே இறங்கி, மணிகளை ஒன்றோடொன்று இணைத்திருந்த பனிப்பாலங்களைக் கரைக்கிறது. பிணைப்பு அற்ற அடுக்கு முழுவதும் ஈரப் பனிச்சரிவாகக் கிளம்புகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் இந்த அபாயம் அதிகம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3இல் சியாச்சினில் சென்னைப் படைப்பிரிவின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்களைப் பனிச்சரிவு மூடியது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். பத்துப் பேரும் மாண்டனர். அது கடுங்குளிரில் நேர்ந்தது. இளவேனிலின் ஈரச்சரிவு வேறு வகை. ஆனால் அதற்கு முன்னறிகுறிகள் உண்டு. இரவில் மேகம் கவிந்திருந்ததா? சாய்வில் பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருகின்றனவா? நடந்தால் கால் கணுக்காலுக்கு மேல் புதைகிறதா? ஆம் என்றால் செங்குத்தான சாய்வின்மேலும் நிற்கக்கூடாது. அதன் அடிவாரத்திலும் நிற்கக்கூடாது. தெற்குச் சாய்வுகளைவிட்டு நண்பகலுக்கு முன்பே வெளியேறிவிடுவது வழக்கம்.

குல்மார்க் போகாமலே மார்ச் மாதத்துக் குல்மார்க் வெயிலை நீங்கள் அளந்து பார்க்கலாம். கரியாலூரின் அகலாங்கு ஏறத்தாழ 12 பாகை. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியனின் உயரம் 54.5 பாகை. மார்ச் 21இல் குல்மார்க்கில் 56 என்றோமே, கிட்டத்தட்ட அதே! மார்கழி முதல் வாரத்தில், வெயில் உள்ள நண்பகலில், ஒரே அளவுள்ள இரண்டு சிலேட்டுகளைச் செங்கல்லில் சாய்த்து வையுங்கள். கோணமானியால் 25 பாகை இருக்கட்டும். ஒன்று தெற்கு நோக்க வேண்டும், மற்றது வடக்கு. ஒரே அளவுத் துணித்துண்டுகளை நனைத்து, ஒன்றுபோல் பிழிந்து, இரண்டின்மேலும் விரித்து, எது எத்தனை நிமிடத்தில் உலர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்று இரண்டின்மேலும் ஒரே அளவாகப் படவேண்டும். பங்குனி முதல் வாரத்தில் மீண்டும் செய்யுங்கள். அப்போது சூரியன் 78 பாகை உயரத்தில் இருப்பதால், தென்சாய்வின் மதிப்பு 0.97, வடசாய்வினுடையது 0.80. இரு துணிகளுக்கும் இடையே அப்போது எத்தனை நிமிட வேறுபாடு இருக்கும் என்பதை, நனைப்பதற்கு முன்பே ஊகித்து எழுதி வையுங்கள்.