சாரியும் அண்ணாவும் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறை,
திங்கள் இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

(இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முப்பது வருஷத்தில் 'அம்மிணி' நாக்கில் ஒட்டிக்கொண்டது. மூணாறில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். சிரித்துவிட்டு மேலே படி.)

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் பதினொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் நாள் 'ஹாய்'. மறுநாள் 'சாப்டாச்சா'. நீ 'யாரு?' என்று கேட்டதற்கு, 'கண்டுபிடி பாப்போம்'. பிறகு 'டிபி சூப்பர்'. அதற்கு நீ, 'சாரி அண்ணா, ராங் நம்பர்' என்று போட்டிருக்கிறாய். அன்று ராத்திரி 11.40க்கு, 'ஆன்லைன்லதான இருக்க, ரிப்ளை பண்ணா என்ன?'

உன்னைக் குறை சொல்லவில்லை. மரியாதையாகப் பேசத்தான் உன்னைப் பழக்கியிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு வரியில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. நீ என்ன தப்பு செய்தாய், சாரி கேட்க? முறை சொல்லிக் கூப்பிட்டால், பேச இடம் கொடுத்துவிட்டாள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். ராங் நம்பரும் இல்லை. அவன் சரியான நம்பருக்குத்தான் அனுப்புகிறான்.

அதற்குப் பதிலாக இதை அனுப்பு: 'நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களோடு பேச எனக்கு விருப்பமில்லை. இனி இந்த நம்பருக்கு எதுவும் அனுப்பக் கூடாது.' ஒரே ஒரு தடவை. திட்ட வேண்டாம், போலீஸில் சொல்வேன் என்று மிரட்டவும் வேண்டாம். நீ கோபமாக எழுதினாலும் அவனுக்கு அது ஒரு ரிப்ளைதான். அவன் காத்திருப்பதே அதற்குத்தான்.

இந்த மூன்று வரிக்கு ஏன் இத்தனை பாடுபடுகிறேன் என்றால், சட்டமே இங்கேதான் நிற்கிறது. 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்ப அவளைத் தொடர்புகொள்வது குற்றம். முதல் தடவை மூன்று வருஷம் வரை சிறை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. 'சாரி அண்ணா'வைக் காட்டி, எங்கே தெளிவாகச் சொன்னாள் என்று அவன் வக்கீல் கேட்கலாம். இந்த மூன்று வரியைக் காட்டி அப்படிக் கேட்க முடியாது. உனக்குப் பதினேழுதான் ஆகிறது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை ஃபோனில் விடாமல் தொடர்புகொண்டால் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டமும் சேரும். அசிங்கமான படமோ மிரட்டலோ வந்துவிட்டால், இந்த மூன்று வரிகூட வேண்டாம், நேரே புகார்தான்.

பதில் போட்ட பிறகு பிளாக் செய். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம்பர், தேதி, மணி எல்லாம் தெரிகிற மாதிரி முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிவிடு. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அழுத்தும்போது சாட் முழுக்க அழிந்துபோகலாம், பார்த்துச் செய். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று ஃபோனில் இருப்பதையும் அழித்துவிடாதே. கோர்ட்டுக்குப் போனால் ஃபோன்தான் மூலப் பத்திரம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பத்தாவது படிக்கும்போது எனக்கு இன்லேண்ட் லெட்டர் வரும், அனுப்பியவன் பெயர் இருக்காது. தபால் எஸ்டேட் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வரும். வருகிற வழியில் எத்தனை பேர் கண்ணில் பட்டதோ! வாங்கின கையோடு விறகடுப்பில் போட்டுவிடுவேன். எட்டோ ஒன்பதோ வந்தது. கடைசியில் உன் தாத்தாவுக்குத் தெரிந்து, 'எங்கே, ஒண்ணைக் காட்டு' என்றார். என்னிடம் சாம்பல்தான் இருந்தது. ஒன்றைக் காட்டியிருந்தால், எந்த ஊர் முத்திரை என்றாவது அவர் பார்த்திருப்பார். ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பார்த்த ஆம்பளை முகத்தையெல்லாம் சந்தேகப்பட்டேன்.

நம்பர் அவனுக்கு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறாய். கிளாஸ் குரூப்பாக இருக்கலாம், ஜெராக்ஸ் கடையாக இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் நம்பரை 50 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் விற்றார்கள் என்று 2017இல் பேப்பரில் வந்தது. அதைத் தேடி நீ அலையாதே, அது போலீஸ் வேலை.

'அது தமிழ்நாட்டு நம்பர், இங்கே எடுக்க மாட்டார்கள்' என்று உன் தோழி சொன்னாளாம். போடிமெட்டு எல்லையைத் தாண்டினால் போலீஸுக்குக் கை நீளாது என்கிற இந்தப் பேச்சை இங்கே எங்கள் எல்லையான வேலந்தாவளத்திலும் கேட்கிறேன். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகலுக்குக் காசு கிடையாது.

சென்னையில் நடந்த சுஹாஸ் கட்டி வழக்கைக் கேட்டுக்கொள். விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குரூப்களில் ஒருவன் ஆபாசமாக எழுதிப் போட, அதை நம்பி யார் யாரோ அவளுக்கு ஃபோன் செய்தார்கள். 2004 பிப்ரவரியில் அவள் புகார் கொடுத்தாள். போலீஸ் மும்பை வரை போய் ஆளைப் பிடித்தது. நவம்பர் 5ஆம் தேதி எழும்பூர் கோர்ட்டில் தீர்ப்பு, இரண்டு வருஷக் கடுங்காவல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நாட்டிலேயே முதல் தண்டனை அது என்பார்கள். ஆள் யார் தெரியுமா? அந்தக் குடும்பத்துக்குப் பழக்கப்பட்டவன். அதனால் 'யாரோ' என்று வருகிறவன் யாரோவாகவே இருக்க வேண்டியதில்லை. தட்டச்சுப் பழக்கம் எங்கேயோ பார்த்த மாதிரி தோன்றினால் என்னிடம் சொல்.

இன்னொன்று, யாராவது அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் '66ஏ-யில் கேஸ் போடலாம்' என்றால் தலையாட்டிவிட்டு வா. 2015 மார்ச் 24ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. நம் கேரளா போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் அதே தீர்ப்பில் போனது. செத்த சட்டத்தைச் சொல்லி எழுதின மனுவை பெண்கள், குழந்தைகள் பிரச்சினையைப் பார்க்கிற எங்கள் பஞ்சாயத்து ஜாக்ரதா சமிதியில் நானே பார்த்திருக்கிறேன்.

மலையாளத்தில் எழுத வராது என்று தயங்காதே. 1969ஆம் வருஷ கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியில் அரசு ஆபீசுக்கு நாம் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். உங்கள் தேவிகுளம் தாலுகாவும் எங்கள் சித்தூர் தாலுகாவும் அதில் வரும். போக்சோ கேஸ் என்றால் உன் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், யூனிஃபார்மில் வரக் கூடாது. லயத்தில் பத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களே என்கிற உன் கவலைக்காக இதைச் சொல்கிறேன். அவசரமென்றால் 1098, இல்லை பிங்க் போலீஸின் 1515.

நீ கடைசியில் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது: 'அம்மாகிட்ட சொன்னா ஃபோனைப் பிடுங்கிருவாங்க, சொல்லாதீங்க அத்தை.' அப்படிப் பிடுங்கின வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை அந்தப் பிள்ளை வாயே திறக்காது. ஆனால் உன் அம்மா யாரென்று கொஞ்சம் யோசி. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து, 20 சதவீத போனஸ் கேட்டு, சங்கத் தலைவர்களையே கிட்டே வராதே என்று விரட்டின தேயிலைத் தோட்டப் பெண்களின் பெம்பிளை ஒருமைக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அவளுக்கா இந்த மெசேஜெல்லாம் பெரிசு? சொல்வதை நான் சொல்கிறேன், நீ பக்கத்தில் இருந்தால் போதும். ஃபோன் உன் கையில்தான் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் ஏறுகிறேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழிதான். கேரளாவிலிருந்து கேரளாவுக்கு வர தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறது. சின்னாறு செக்போஸ்ட் தாண்டினால் காட்டுக்குள் ரேஞ்ச் கிடைக்காது. ஃபோன் எடுக்கவில்லையே என்று பயப்படாதே, மறையூரில் டீ குடிக்கும்போது நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை