"முகம் பிடிக்கலைம்மா"

கேள்வி: என் பெரிய மகளுக்கு 27 வயது. இரண்டு வருடமாக வரன் பார்க்கிறோம். ஜாதகம், வேலை, குடும்பம் எல்லாம் பொருந்தி வந்தாலும், போட்டோவைப் பார்த்ததும் "முகம் பிடிக்கலைம்மா" என்று முடித்துவிடுகிறாள். போன மாதம் வந்த பையனை வீட்டில் அத்தனை பேரும் நல்ல லட்சணம் என்றோம். சின்ன மகளும் அப்படித்தான் சொன்னாள். இவள் மட்டும் அசையவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இப்படியா மாறித் தோன்றும்? மனசில் வேறு யாரையாவது வைத்துக்கொண்டு சாக்குச் சொல்கிறாளா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: தோன்றும் அம்மா. சாக்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் மகள் உண்மையைத்தான் சொல்கிறாள் என்றே நான் நம்புகிறேன்.

நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் லட்சணம் என்றதற்கும் அடிப்படை உண்டு. இரு பக்கமும் சீராக அமைந்த முகம், தெளிவான சருமம், மூக்கோ தாடையோ துருத்தாமல் நடுத்தரமாக இருக்கும் அளவுகள், இவை பெரும்பாலோருக்குப் பிடிக்கும். 1878இல் பிரான்சிஸ் கால்ட்டன் பலருடைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் பார்த்தார். கலந்து வந்த முகம், தனித்தனி முகங்களைவிட அழகாக இருந்தது. ஆனால் இந்தப் பொது ரசனை, கணக்கில் ஏறக்குறைய பாதிதான். மீதிப் பாதி அவரவருக்கே உரியது.

அந்த மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று 2015இல் லாரா ஜெர்மைன், ஜெரமி வில்மர் குழுவினர் இரட்டையர்களை வைத்து ஆராய்ந்தார்கள். அச்சு அசலாக இருக்கும் இரட்டையர் 547 ஜோடி, சாதாரண இரட்டையர் 214 ஜோடி. ஒவ்வொருவரும் 200 முகங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். ரசனை ரத்தத்தில் வருவதென்றால், ஒரே மரபணு கொண்ட இரட்டையர் பெரும்பாலும் ஒன்றுபோல மதிப்பிட்டிருக்க வேண்டும். அவர்களுடைய தனி ரசனை ஒத்துப்போனதோ கொஞ்சம்தான். ஒரே வீட்டில் வளர்ந்ததும் அவர்களை ஒன்றுபடுத்தவில்லை. ஒருவருக்கு மட்டுமே நேர்ந்த அனுபவங்களுக்குத்தான் பெரும் பங்கு இருந்தது. இத்தனைக்கும், முகங்களை அடையாளம் கண்டுகொள்ளும் திறமை பெரிதும் மரபணுவால் வருவது என்று முந்தைய ஆய்வுகளே காட்டியிருந்தன. இரட்டையருக்கே இப்படி என்றால் அக்கா தங்கைக்குச் சொல்ல வேண்டுமா?

வீடு ஒன்றுதான். ஆனால் பெரியவளின் தோழிகள் வேறு, ஆசிரியர்கள் வேறு, பஸ்ஸில் தினமும் எதிரே உட்கார்ந்து வந்தவர்கள் வேறு. இது கைக்குழந்தையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மூன்று, நான்கு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பெண் முகத்தையே அதிக நேரம் பார்க்கும். அப்பாவே முக்கியமாகக் கவனித்து வளர்த்த சில குழந்தைகள் ஆண் முகத்தை அதிகம் பார்த்ததாக ஓர் ஆய்வு கண்டது. பிறகு, நமக்கு நல்லது செய்தவரின் சாயல் தெரியும் புது முகம் நல்லதாகத் தெரிகிறது, கெட்டது செய்தவரின் சாயல் உறுத்துகிறது. அந்தச் சாயலை நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், எல்லோரும் மெச்சிய ஒரு வரனை ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாமல் தவித்தாள். பல நாள் கழித்து அவளே கண்டுபிடித்தாள். அவன் சிரிக்கும்போது மேலுதடு இடப்பக்கம் மட்டும் ஏறுகிறது. எட்டாம் வகுப்பில் இவளைப் பலகை முன்னால் நிறுத்தி அவமானப்படுத்திய ஆசிரியருக்கும் அதே சிரிப்பு. காரணம் தெரியாத நாளிலும் அவளுடைய மறுப்பு உண்மையாகவே இருந்தது. உங்கள் மகளைக் காரணம் கேட்டு நெருக்குவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

போட்டோவை மட்டும் வைத்து முடிவு செய்யச் சொல்வது அவளுக்கும் நியாயமில்லை, அந்தப் பையன்களுக்கும் நியாயமில்லை. ஒரே ஆளின் இரண்டு படங்களே வேறு வேறு ஆள்போலத் தெரியும். அதிலும் ஸ்டூடியோவில் வெளுப்பாக்கி, கன்னத்து மருவை அழித்து அனுப்பும் படத்தில் அவனுடைய களை எங்கே தெரியப்போகிறது? பழகப் பழக முகம் மாறித் தெரிவதும் உண்மை. சேர்ந்து வேலை செய்தவர்கள், தங்களுக்குப் பிடித்துப்போனவரின் அழகுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டதாக ஆய்வுகள் உண்டு.

இதைக் கேட்டுவிட்டு, "கல்யாணம் ஆனால் தானாகப் பிடித்துவிடும்" என்று தயவுசெய்து அவளிடம் சொல்லாதீர்கள். பழக்கம் அழகைக் கூட்டுவது மனசுக்குப் பிடித்தவரிடம். பிடிக்காதவரிடம் அதே பழக்கம் இருக்கிற கொஞ்ச அழகையும் குறைத்துவிடும்.

அடுத்த வரன் வந்தால் போட்டோவை நடுக்கூடத்தில் வைத்து ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தங்கையைச் சாட்சிக்கு இழுக்கவும் வேண்டாம். இருவருக்கும் சம்மதமென்றால் இரண்டு மூன்று முறை பார்த்துப் பேசட்டும், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சில நாள் இடைவெளி இருக்கட்டும். அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்றால், தரகரிடம் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.