விண்ணிடை வானாராய்ச்சியும் கூட்டு முயற்சியும்

புதுக்கோட்டையைச் சார்ந்த குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை அடுத்த பாறையின்மீது இசைச் சுரங்கள் ஏழு பகுதிகளாகப் பல்லவ கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டிருத்தலை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். உருத்திராசாரியரின் மாணாக்கராகிய ஓர் அரசர், கற்போர் நலங்கருதி இவற்றைச் செய்தனர் என அக்கல்வெட்டே கூறுகின்றது. அரிதிற் பெற்ற அறிவைப் பலரும் கற்குமாறு வைத்த அப்பண்பு, இக்கால வானாராய்ச்சிக்கும் இன்றியமையாததாம்.

விண்மீன்கள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியேயன்றிப் புற ஊதாக் கிரணங்களையும் எக்ஸ் கிரணங்களையும் வீசுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவற்றை நம்மைச் சூழ்ந்த வாயுமண்டலம் இடையிலேயே தடுத்துவிடுகின்றது. ஆதலின், ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-ஆம் ஆண்டு முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அவற்றைக் காணமாட்டாது. கருவியையே விண்ணுக்கு அனுப்புதல் வேண்டும். அதற்குரிய பொருட்செலவோ பெரிது. அனுப்பியபின் பழுதுபார்த்தலும் அரிது. எனவே, பலர் கூடியே இப்பணியை ஆற்றல் வேண்டும்.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பெற்ற அஸ்ட்ரோசாட் என்னும் செயற்கைக்கோள் இதற்குச் சான்றாகும். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துடன், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிலையம், இராமன் ஆராய்ச்சி நிலையம், பூனாவிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கான வானியல் மையம் ஆகியவை கருவிகளைப் பகிர்ந்து சமைத்தன. கனடா நாட்டு விண்வெளி நிறுவனம் புற ஊதாக் கருவியிலும், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் எக்ஸ் கிரணக் கருவியொன்றிலும் பங்கு கொண்டன.

இதனினும் புதியது அதனைப் பயன்படுத்தும் முறையாம். கருவி செய்தோரேயன்றிப் பிற ஆராய்ச்சியாளரும் விண்ணப்பித்து, தாம் விரும்பும் விண்பொருளை நோக்கச் செய்யலாம். குறித்த காலங்கடந்தபின் அக்குறிப்புகள் யாவர்க்கும் பொதுவாகின்றன; 2018-ஆம் ஆண்டு முதல் அவை இவ்வாறு வெளியிடப்பெறுகின்றன. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேலாக நோக்கியதன் பயனாக, ஏறத்தாழ 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தினின்று வரும் வலிமைமிக்க புற ஊதாக் கிரணம் கண்டறியப்பட்டது. பல நாட்டு அறிஞர் கூடி ஆராய்ந்த இம்முடிபு 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

சிற்றூர்க் கல்லூரி மாணவர்க்கும் இக்குறிப்புகள் இன்று எட்டுவனவே. எனினும், எழுத்தறியாதார்க்குக் குடுமியான்மலைக் கல்வெட்டு வெறுங் கீறலாய்த் தோன்றுமாறு போலக் கணிதமும் பௌதிகமும் பயிலாதார்க்கு இவை வெற்றெண்களாகவே நிற்கும். ஆகலின், அவற்றைப் படிக்கவல்ல பயிற்சியை மாணவர் இப்பருவத்திலேயே மேற்கொள்வாராக. அதற்கு வேண்டும் துணையை நல்குதல் கல்லூரிகளின் கடனாகும்.