நாலு விரற்கடை தூரம்

திருவனந்தபுரம் பாளையத்தில் பல்கலைக்கழக விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஓடிப் பழகுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஓரத்தில் ஒருவர் நிற்பார். கழுத்தில் விசில் தொங்கும். கையில் கடிகாரம் இருக்கும். அவர் ஓட மாட்டார். ஆனால் ஓடும் பிள்ளையின் ஒவ்வோர் அடியையும் கவனிப்பார். பிள்ளைகள் அவரை "சார்" என்று கூப்பிடுவார்கள்.

அவர்தான் பயிற்சியாளர். வெற்றி பெற்றவரின் படம் செய்தித்தாளில் வரும். பயிற்சியாளரின் படம் பெரும்பாலும் வராது. அப்படிப்பட்ட ஒருவரின் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

நம்பியார் கண்ட சிறுமி

அவர் பெயர் ஓ.எம். நம்பியார். கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரைக்குப் பக்கத்தில் உள்ள மணியூரைச் சேர்ந்தவர். விமானப் படையில் வேலை பார்த்தார். பிறகு பஞ்சாபில் உள்ள பாட்டியாலாவுக்குச் சென்று பயிற்சியாளர் படிப்பு படித்தார். ஊர் திரும்பி, கேரள விளையாட்டுக் கவுன்சிலில் பயிற்சியாளர் ஆனார். இந்தக் கவுன்சிலின் தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

1976-இல் கேரள அரசு பெண் பிள்ளைகளுக்காகக் கண்ணூரில் விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. பய்யோளியில் வளர்ந்த பி.டி. உஷா அங்கே சேர்ந்தார். அப்போது அவருக்கு 12 வயது. மெலிந்த உடம்பு. வேகமான நடை. அந்த நடையைப் பார்த்தே, இந்தப் பெண் நன்றாக ஓடுவாள் என்று நம்பியார் கண்டுகொண்டார்.

நம்பியார் பயிற்சி கொடுத்தார். பய்யோளிக் கடற்கரை மணலிலும் உஷா ஓடிப் பழகினார். மணலில் கால் புதையும். அதில் ஓடினால் காலுக்கு வலு ஏறும். 1978-இல் கொல்லத்தில் இளையோர் போட்டி நடந்தது. பல மாநிலப் பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். உஷா ஆறு பதக்கங்கள் வாங்கினார்.

கடல் கடந்து

1984-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. பெண்களுக்கு 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. வழியில் பத்துத் தடைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை அடி உயரம். பத்தையும் தாண்டி ஓட வேண்டும். இந்த ஓட்டத்துக்கு உஷாவைத் தயார் செய்தார் நம்பியார்.

அதுவரை இந்தியப் பெண் ஒருவர்கூட ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதில்லை. உஷாவின் கழுத்தில் பதக்கத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் நம்பியாரின் வாழ்நாள் ஆசை.

அந்நிய ஊரில் சின்ன விஷயமும் பெரிதாகிவிடும். அங்கே தந்த சாப்பாடு உஷாவுக்குப் பழக்கம் இல்லாதது. அவரால் சாப்பிட முடியவில்லை. கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும் பழத் துண்டும் சாப்பிட்டுக்கொண்டு ஓடினார். கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு குறைந்துவிட்டது என்று பல ஆண்டுகள் கழித்து உஷாவே சொன்னார்.

அந்த ஒரு நிமிடம்

ஆகஸ்டு 8-ஆம் தேதி இறுதி ஓட்டம். எல்லாரும் கோட்டில் நின்றார்கள். துப்பாக்கி வெடிக்கும் முன்பே வேறொரு வீராங்கனை ஓடத் தொடங்கிவிட்டார். அது தவறு. ஆகவே எல்லாரையும் திரும்ப அழைத்தார்கள். மறுபடி புறப்பட்டபோது உஷாவின் வேகம் சற்றுக் குறைந்தது.

பயிற்சியாளர் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. சொல்ல வேண்டியதை எல்லாம் முன்பே சொல்லி முடித்தாயிற்று. இனிப் பார்க்கத்தான் முடியும்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டம் முடிந்தது. மொராக்கோ நாட்டின் நவால் முதலில் வந்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் இரண்டாவது. மூன்றாவது யார்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கேமரா எடுத்த படத்தைப் பார்த்தார்கள்.

ருமேனியாவின் கோஜோகாரு: 55.41 விநாடி.
இந்தியாவின் உஷா: 55.42 விநாடி.

ஒரு விநாடியை நூறு பங்கு ஆக்குங்கள். அதில் ஒரே ஒரு பங்குதான் வித்தியாசம். கண் இமைக்க இதைவிட அதிக நேரம் ஆகும். தூரத்தில் சொன்னால் ஏழு சென்டிமீட்டர். உங்கள் கையில் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்த நாலு விரற்கடை தூரத்தில் பதக்கம் போயிற்று.

ஓட்டத்தில் கால் முன்னே வந்தால் போதாது. நெஞ்சு எப்போது கோட்டைத் தாண்டுகிறது என்றுதான் பார்ப்பார்கள். உஷா கடைசியில் நெஞ்சை முன்னே சாய்த்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்று பலரும் சொன்னார்கள்.

நம்பியார் அழுதார். அழுகையை அடக்க முடியவில்லை. அந்த நேரத்தை என்றும் மறக்க முடியாது என்று பின்னாளில் சொன்னார்.

அழுகைக்குப் பிறகு

ஆனால் அவர் பயிற்சியை விடவில்லை. உஷாவும் விடவில்லை. மறு ஆண்டு, 1985-இல், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கினார். அதே தடை தாண்டும் ஓட்டத்திலும் தங்கம்!

அதே ஆண்டு சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை இந்திய அரசு தொடங்கியது. முதல் ஆண்டிலேயே நம்பியார் அதைப் பெற்றார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி காலமானார்.

உஷா 2002-இல் ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற டின்டு லூக்கா 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடினார். இப்போது ஓரத்தில் நின்று பார்ப்பது உஷாவின் முறை ஆயிற்று.

ஒலிம்பிக் பதக்கம் நம்பியாருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கற்றுக் கொடுத்தது அவரோடு நின்றுவிடவில்லை. பிறருக்குக் கற்றுக் கொடுத்தவர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

கணக்கிடுவோம்

1. முதலில் வந்த நவாலுக்கு 54.61 விநாடி ஆயிற்று. உஷாவுக்கு 55.42 விநாடி. வித்தியாசம் எவ்வளவு?

2. நம்பியார் 1985-இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். 2021-இல் பத்மஸ்ரீ. இடையில் எத்தனை ஆண்டுகள்?

கலந்து பேசுவோம்

1. வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

2. தோற்று வரும் பிள்ளையிடம் வீட்டில் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? என்ன சொல்ல வேண்டும்?

3. உங்களுக்கு ஒரு தொழிலையோ எழுத்தையோ கற்றுக் கொடுத்தவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள். அவரைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள்.