வலீமாவில் மிஞ்சும் சோறு

வலீமா முடிந்ததும் மண்டபத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். பிரியாணி குழியில் கிடக்கும். வீண்விரயத்தைக் கண்டிக்கும் அல்அஃராஃப் 31ஆம் வசனம் நமக்குத் தெரியாததா?

குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும் சோறு மீத்தேனை விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மூடிய கலனில் பிடித்தால் அதே வாயு அடுப்பெரிக்கும். கழிவுக் கரைசல் வயலுக்கு உரம்.

இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை தினமும் 550 டன் ஈரக்கழிவைக் கையாளக்கூடியது. கே.ஜி.கண்டிகை போன்ற ஊருக்குச் சிறு கலன் போதும். சாணக் கரைசலில் தொடங்குங்கள். எலும்பைப் பொறுக்கிவிடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் புளித்து வாயு நின்றுவிடும். தினமும் கொஞ்சம் வேண்டும். ஆகவே பக்கத்து ஓட்டல் கழிவையும் கேட்டு வாங்குங்கள். நல்ல சோறு பசித்தவருக்கே. கெட்டது மட்டும் கலனுக்கு.